பங்காளிகள் அளந்த காது

காரைக்குடி
9-6-1968

அன்புள்ள தம்பி மெய்யநாதனுக்கு,

நான் சுகம். நீங்களும் வள்ளிக்கண்ணுவும் பிள்ளை இராமநாதனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்குள்ள வெயிலைப் பற்றி எழுதினால் தாள்தான் வீண்.

உங்கள் அண்ணன் காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. ஒரு பிள்ளையைச் சுவீகாரம் கூட்டிக்கொள்ளச் சொல்லிச் சொல்லிப் பங்காளிகள் அலுத்து ஓய்ந்த பிறகு, இப்போதுதான் எனக்கே அந்த எண்ணம் வந்திருக்கிறது. பையன் பெயர் தேனப்பன். நம் கோவில் பிரிவுதான். இருபது வயது, இந்த வருஷம் பி.எஸ்ஸி. கணிதம் தேறியிருக்கிறான். இரண்டு வருஷமாக என்னிடம் சரித்திரப் புத்தகம் வாங்கிப் போகிறான். படித்துவிட்டுச் சண்டைக்கு வருகிறான். நான் கற்பிக்கும் கல்லூரியில் ஒரு மாணவி இப்படிச் சண்டைக்கு வந்ததில்லை. என்னிடம் பொய் சொன்னதே இல்லை என்று எழுதமாட்டேன். இரண்டு தடவை சொல்லியிருக்கிறான். இரண்டும் மட்டமான பொய்.

மறைக்க ஒன்றும் இல்லை. அவன் தகப்பனார் அரசப்பன், பத்திரத்தில் கள்ளக் கையெழுத்துப் போட்டதற்காக மதுரைச் சிறையில் இருக்கிறார். அங்கிருந்தே சம்மதம் எழுதி அனுப்பிவிட்டார். தாயார் இல்லை.

சட்டத்துக்கு என் விருப்பம் போதும். நம் வழக்கத்துக்குப் போதாது. பங்காளிகள் ஒப்பிக் கையெழுத்துப் போட்டால்தான் சுவீகாரத்தை ஏற்றுக் கோவில் மாலை வரும். மாலை வராவிட்டால் அவன் என் வீட்டில் சாப்பிடும் யாரோ ஒருவன். உங்கள் அண்ணனுக்குக் கூடப்பிறந்த தம்பி நீங்கள். உங்கள் கையெழுத்து முதலில் விழ வேண்டும். தாளை இத்துடன் வைத்திருக்கிறேன்.

அன்புடன்
நாகம்மை


சென்னை
20-6-1968

அன்புள்ள அண்ணமிண்டி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கண்டு மகிழ்ச்சியும் கவலையும் ஒருங்கே அடைந்தேன்.

லண்டனில் குற்றவியல் படித்து, பதினைந்து வருஷமாக அதையே கற்பித்து வருபவன் என்ற முறையில் வாய் மூடி இருக்க முடியவில்லை. ஐரோப்பாவில் இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆராய்ச்சிகள் குற்ற மனப்பான்மை பரம்பரையாக இறங்குகிறது என்றே காட்டுகின்றன. சிறைக் கைதிகள் சிலருக்கு ஒரு குரோமோசோம் கூடுதலாக இருப்பதைச் சமீபத்தில் கண்டிருக்கிறார்கள். போன நூற்றாண்டில் காது மடல், தாடை, நெற்றி இவற்றைக் கொண்டே குற்றவாளியை அடையாளம் காணலாம் என்றுகூடச் சொன்னார்கள். அதை நாங்கள் இன்று ஏற்பதில்லை. ஆனால் ரத்தத்தில் இருப்பது ஒருநாள் வெளிவரவே செய்யும்.

ஆகவே கையெழுத்தைச் சற்று நிறுத்தி வைக்கிறேன். பங்காளிகளும் விஞ்ஞானப் பக்கத்தை அறியட்டும் என்று வைரவன் அண்ணனுக்கு விவரமாக எழுதியிருக்கிறேன். சொத்தை நினைத்து எழுதுகிறேன் என்று தாங்கள் கருதமாட்டீர்கள்.

நான் எழுதிவரும் புத்தகத்துக்கு இந்தக் குடும்பம் நல்ல உதாரணம். ஒரு கேள்வித்தாள் இணைத்திருக்கிறேன். பையனைக் கேட்டு நிரப்பி அனுப்பினால் உபகாரம்.

தங்கள் அன்புத் தம்பி
மெய்யநாதன்


காரைக்குடி
14-7-1968

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் விஞ்ஞானம் ஊருக்கு வந்து சேர்ந்தது. எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

வைரவன் உங்கள் நாலு பக்கக் கடிதத்தைப் பங்காளிகளைக் கூட்டி உரக்கப் படித்தார். இரட்டைப் பிள்ளையும் குரோமோசோமும் யார் மனதிலும் நிற்கவில்லை. காது நின்றுவிட்டது. மறுநாள் காலை தையற்கடையிலிருந்து டேப் ஒன்றை வாங்கிக்கொண்டு நாலு பேராக வந்தார்கள். தேனப்பன் அலமாரியில் புத்தகம் தேடிக்கொண்டிருந்தான்.

"செத்த இங்குட்டுத் திரும்புப்பா, காதைக் காட்டு" என்றார் வைரவன்.

"எந்தக் காது பெரியப்பச்சி? வலது சும்மா பொய்தான் சொல்லும். திருடுறது இடதுதான்."

அதையும் ஒருவர் குறித்துக்கொண்டார்! சமையலுக்கு இருக்கும் பொன்னுத்தாயிக்குப் பொறுக்கவில்லை. "பொண்ணு பாக்க வந்தாக்கூட இம்புட்டு அளக்கமாட்டாக. ஆச்சி, அவுக காதையும் ஒரு தடவை அளந்துருவமா?" என்று கேட்டாள். நான் டேப்பை வாங்கி வைரவன் காதை அளந்தேன். தேனப்பன் காதைவிடக் கால் அங்குலம் அதிகம். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

'ஏற்பதில்லை' என்று நீங்கள் எழுதிய வரியை மூன்று முறை படித்துக் காட்டினேன். "லண்டன்ல படிச்ச பிள்ளை ஒண்ணும் இல்லாமலா எழுதும்? நீங்க காலேஜுல சரித்திரந்தானே சொல்லிக் குடுக்கிறீக?" என்றார். இப்போது உங்கள் கையெழுத்து இல்லாமல் ஒருவரும் பேனாவைத் தொடமாட்டார்கள்.

அவர்கள் இருந்தவரை தேனப்பன் சிரித்துக்கொண்டிருந்தான். போனதும் இலை போட்டிருந்தும் சாப்பிடாமல் கிளம்பிவிட்டான்.

இத்தனைக்கும் நீங்கள் அவனைப் பார்த்ததுகூட இல்லை. ஒரு நாள் வந்து பாருங்கள், பேசுங்கள். பிறகு வேண்டாம் என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். கேள்வித்தாளைத் திருப்பி அனுப்புகிறேன். நிரப்பவில்லை.

நாகம்மை


சென்னை
2-12-1968

அன்புள்ள அண்ணமிண்டி அவர்களுக்கு,

ஐந்து மாதமாகத் தங்களுக்குப் பதில் எழுதாததை மன்னிக்க வேண்டும். புத்தக வேலை. இப்போது எழுதுவது வேறு காரணத்துக்காக.

போன மாதம் இராமநாதன், சிநேகிதர்கள் மூவருடன், ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் நின்ற காரை எடுத்து ஓட்டிப்போய்த் திருவான்மியூரில் விளக்குக் கம்பத்தில் மோதிவிட்டான். போலீஸ் பிடித்தது. தான் ஓட்டவில்லை என்று முதலில் சொன்னான். ஓட்டியது அவன்தான்.

அவன் சுபாவம் தங்களுக்குத் தெரியும். எல்லாம் அந்தக் கூட்டாளிகளால் வந்த வினை. குற்றம் என்பது பேச்சைப் போல, பழகுகிறவர்களிடமிருந்து கற்றுக்கொள்வது என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் கொள்கை. சேர்க்கையை மாற்றினால் ஆள் மாறிவிடுவான்.

மாஜிஸ்திரேட் அவனை நன்னடத்தையின் பேரில் விட்டிருக்கிறார். ஒரு நிபந்தனை: சென்னைக்கு வெளியே, பொறுப்பான உறவினர் வீட்டில் ஒரு வருஷம் இருக்க வேண்டும். அந்த உறவினர் கையெழுத்திட வேண்டிய தாளை இணைத்திருக்கிறேன். தங்களைத் தவிர வேறு யாரையும் நினைக்கத் தோன்றவில்லை. வள்ளிக்கண்ணு ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை.

தேனப்பன் விஷயமாகத் தாங்கள் கேட்ட ஒப்புக் கையெழுத்தையும் போட்டு அனுப்பியிருக்கிறேன்.

தங்கள்
மெய்யநாதன்


காரைக்குடி
15-12-1968

தம்பி மெய்யநாதனுக்கு,

ஜூன் மாதம் ரத்தம். டிசம்பரில் சேர்க்கை. ஆறு மாதத்தில் ஒரு சாஸ்திரம் இவ்வளவு முன்னேறியதைச் சரித்திரம் படித்த நான் வேறெங்கும் கண்டதில்லை.

தேனப்பனிடம் எதையும் ஒளிப்பதில்லை என்பதால் உங்கள் இரண்டு கடிதங்களையும் கொடுத்தேன். நின்றபடியே படித்தான்.

"ஆச்சி, அந்தப் பிள்ளை காரை எடுக்காம இருந்தா இந்தக் கையெழுத்து வந்துருக்குமா?" என்றான்.

வந்திருக்காது என்றேன். வேறென்ன சொல்ல?

"அப்ப இது எனக்குப் போட்டது இல்ல" என்று தாளை மடித்து என்னிடமே தந்தான். எனக்காகவாவது வாங்கிக்கொள் என்றேன். "ஒங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஆனா நாலு பேரு தயவுல ஒங்களுக்கு மகனா இருக்க முடியாது" என்றான்.

மதுரையில் ஒரு டுடோரியலில் கணக்குச் சொல்லிக்கொடுக்க வேலை பார்த்துக்கொண்டுவிட்டான். சிறையில் அப்பச்சியைப் பார்க்கவும் அங்கிருந்து வசதியாம். போகாதே என்று சொன்னேன். நான் யாரிடமும் ஒன்றை இரண்டாம் தடவை சொல்கிறவள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு மூன்று தடவை சொன்னேன். போய்விட்டான்.

வைரவன் நேற்று வந்து, "மெய்யநாதன் போட்டாச்சாமே, நாங்களும் போடுறோம், தாளக் குடுங்க" என்றார். கிழித்துவிட்டேன் என்றேன். உண்மையில் கிழிக்கவில்லை. பெட்டியில் இருக்கிறது.

இராமநாதனை அனுப்புங்கள். மாஜிஸ்திரேட்டின் தாளில் கையெழுத்துப் போட்டு வள்ளிக்கண்ணு பெயருக்கு முன்பே தபாலில் அனுப்பிவிட்டேன். தாள் வந்த அன்றே அனுப்பினேன். காத்திருப்பது எப்படி இருக்கும் என்று வள்ளிக்கண்ணுவுக்குத் தெரிய வேண்டியதில்லை.

மாடியில் கிழக்குப் பார்த்த அறையைத் தேனப்பனுக்காக வெள்ளையடித்து வைத்திருந்தேன். அதில் உங்கள் மகன் இருக்கட்டும். ராமேஸ்வரம் ரயிலில் அனுப்பினால் ஸ்டேஷனுக்கு நானே போய் அழைத்துக்கொள்வேன். அவன் இங்கே எப்படி இருக்கிறான், என்ன படிக்கிறான், ராத்திரி சாப்பிட்டானா என்பதையெல்லாம் வாரந்தோறும் வள்ளிக்கண்ணுவுக்கு எழுதுகிறேன். அவளைப் பதில் எழுதச் சொல்லுங்கள்.

நீங்கள் எழுத வேண்டாம்.

நாகம்மை