சோபாவில் நாற்பது நாவல்கள்

வாயாடி,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், சூடு பண்ணிச் சாப்பிடு. சோபாவில் உட்காராதே. அதில் குவிந்து கிடப்பவை எங்கள் நூலகத்துப் புத்தகங்கள்.

"மேலிடம் சொன்னா நீயும் தலையாட்டுவ, அவ்வளவுதானே?" என்று நேற்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாய். எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. வருங்காலத்து அரசாங்கத்தைப் பிள்ளைகள் எதிர்த்து நிற்கிற நாவல்களையெல்லாம் மூட்டை கட்டி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அள்ளிக்கொண்டு போக நூலகத்துக்குப் பத்து மணிக்கு வேன் வருகிறது.

ஆனால் உத்தரவை நான் வரிவிடாமல் படித்தேன். "அலமாரியில் உள்ளவை" என்றுதான் போட்டிருக்கிறது. வாசகர் இரவல் வாங்கிப்போனதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை!

ஓர் அட்டைக்குப் பத்துப் புத்தகம். என் அட்டை, உன் அட்டை, அத்தை அட்டை, அப்பா அட்டை. நாற்பதையும் முறைப்படி பதிந்து, விடிந்ததும் ஆட்டோவில் இரண்டு நடையாகக் கொண்டுவந்துவிட்டேன். காலி அலமாரியைத் துடைத்தும் வைத்தாயிற்று. இனி வேலை போனால் போகட்டும்.

வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடு.

அம்மா

அத்தையிடம் கேட்டுவிட்டேன். அப்பாவுக்குத் தன் பேரில் அட்டை இருப்பதே தெரியாது. நீ உளறிவிடாதே, நானே சொல்லிக்கொள்கிறேன்.

இன்னொன்று. யாராவது வந்து கதவைத் தட்டினால், "எல்லாரும் படிச்சிட்டிருக்கோம், முடிச்சதும் தர்றோம்" என்று சொல். எனக்குப் பொய் பிடிக்காது. அதனால் இப்போதே ஒன்றை எடுத்துப் படிக்க ஆரம்பி.