சாக்பீஸ் பாதங்கள்

மயிலாப்பூர்,
கல்லறைத் திருநாள் கழிந்த வாரம்.

அன்புள்ள லாரன்சுக்கு,

சூடாமணி எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். அங்கே நீ உயிரோடும் நலத்தோடும் இருக்கிறாய் என்பது நம் தெருவுக்குப் போன வாரம்தான் தெரிந்தது. இது என்ன ஆரம்பம் என்று முகத்தைச் சுளிக்காதே. போகப்போகப் புரியும்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் எதையாவது ஆரம்பித்தால் நீ டவர் இல்லை என்பாய், எனக்குக் கோபம் வரும், அப்புறம் சாப்பிட்டாயா, சாப்பிட்டேன் என்று முடித்துவிடுவோம். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார், அதனால்தான் கடிதம்.

மழைக்கு முன்னால் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு விசாகப்பட்டினம் போனவன் நீ. கப்பல் பழுது பார்க்கும் வேலை முடிந்ததும் நேரே வீடுதான் என்றாய். மழை வந்துவிட்டது. உன்னிடமிருந்து ஒரு மெசேஜ்தான் வந்தது. அங்கேயே நிரந்தரமாக இருக்கச் சொல்கிறார்கள், யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்று. என்னையும் அங்கே கூப்பிடுகிறாயா, இல்லை நீ மட்டும் இருக்கப்போகிறாயா, அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாயே என்று பயமாக இருந்தது.

சரி, படத்தைப் பற்றிச் சொல்கிறேன். உன்னை உட்கார வைத்து நான் ஆரம்பித்த அந்தப் பெரிய கேன்வாஸ் இன்னும் முடியவில்லை. தினமும் அதில்தான் வேலை. மாதா கோயில் மணி அடிக்கும்போது எழுந்து, காபி டம்ளரோடு மாடி அறைக்குப் போய்விடுகிறேன். முந்தின நாள் வேலை முடிந்ததும் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பேன் அல்லவா, அதைக் காலையில் திருப்பிப் பார்க்கிற அந்த ஒரு நொடிக்காகத்தான் தூங்கி எழுகிறேன் என்று தோன்றும். வடக்கு ஜன்னலில் சோறு வடித்த கஞ்சி மாதிரி ஒரு வெளிச்சம் இருக்கும். அந்த வெளிச்சத்தில் பார்த்தால், படத்தில் இருக்கிறவன் ராத்திரி கொஞ்சம் இடம் மாறி உட்கார்ந்த மாதிரியே இருக்கும். நான் விட்ட இடத்தில் அவன் ஒருநாளும் இருந்ததில்லை. பொய்யாகத் தெரிகிற இடத்தைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பேன். மழைக்காலத்தில் எண்ணெய்ச் சாயம் லேசில் காயாது, சுரண்டுவதற்கு வசதி.

நீ போகும்போது அது பிரம்பு நாற்காலியில் நீலச் சட்டையோடு, முட்டியில் கை வைத்து உட்கார்ந்திருந்த மனிதன். ஆடிக்காற்று சமயத்தில் படத்திலிருந்து அந்த நாற்காலியின் கால்கள் போயின. ஏன் அழித்தேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. புரட்டாசியில் அவனுக்குப் பின்னால் வரைந்திருந்த ஜன்னல் அகன்று அகன்று தண்ணீராகிவிட்டது. இப்போது அவன் ஒரு சாம்பல் நிறத் தண்ணீரின் மேல் ஒன்றுமே இல்லாமல் உட்கார்ந்திருக்கிறான். விழவும் இல்லை, மிதக்கவும் இல்லை. ஒருநாள் கனவில் அவன் எழுந்து, கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தலையைத் துவட்டிவிட்டு, காபி இருக்கா என்று கேட்டான். குரல் உன் குரல். திரும்பிப் பார்ப்பதற்குள் போய் உட்கார்ந்துவிட்டான். காலையில் துண்டு ஈரமாக இருந்தது. சாரல்தான் அடித்திருக்கும், தெரியும். இருந்தாலும் அன்றைக்கு அதைப் பிழியவே மனசு வரவில்லை.

போட்டோவைப் பார்த்து முடித்துத் தொலையேன் என்பாய். என் போனில் உன் போட்டோவுக்கா பஞ்சம்? போட்டோவில் இருக்கிறவன் மூச்சு விடமாட்டான், லாரன்ஸ். எதிரே ஒரு உடம்பு மூச்சு விட்டுக்கொண்டு இருந்தால்தான் எனக்குக் கை ஓடும். அதனால் உன் இடத்தில் ஆட்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். தோளுக்கு, தெருமுனையில் இஸ்திரி போடுகிற நாகராஜ். கைக்கு, என் படங்களுக்கு எப்போதும் மரச்சட்டம் அடித்துத் தருகிற இனாயத் பாய். இரண்டு பேரும் உன் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கூப்பிட்ட நேரத்துக்கு வந்து, முணுமுணுக்காமல் உட்கார்ந்தார்கள். நீ ஒருநாளாவது அப்படி உட்கார்ந்தது உண்டா? கழுத்து வலிக்கிறது, கொசு கடிக்கிறது, போதும் விடு. அவ்வளவுதான் நீ.

உன் கால் இருந்த இடத்தைச் சுற்றி நான் சாக்பீஸால் கோடு போட்டிருந்தது ஞாபகம் இருக்கிறதா? மறுநாள் அதே கோட்டில் கால் வைத்தால் உடம்பும் அதே மாதிரி அமரும், எங்கள் தொழிலில் அது வழக்கம். அந்தக் கோட்டை நான் அழிய விடவில்லை. தரை வேர்த்து மங்கும்போதெல்லாம் மேலேயே வரைந்தேன். நாகராஜ் அதில் கால் வைக்கவே மாட்டேன் என்றுவிட்டான். "அது சார் காலு மேடம், நான் பக்கத்துல வெச்சிக்கிறேன்" என்றான். எத்தனை மரியாதை தெரிந்த மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

பொதுவாகவே தெருவில் எனக்கு மரியாதை கூடிப்போயிருந்தது. நாகராஜ் உன் சட்டையை இஸ்திரி போட்டுவிட்டுக் காசு வாங்க மறுத்தான். சாயம் கரைக்கிற டர்பன்டைன் வாசனை வருகிறது என்று வாரம் தவறாமல் படியேறி வந்து சண்டை போடும் வீட்டுக்காரர் விஜயராகவன் இருக்கிறாரே, அவர் வந்து வாசலிலேயே நின்றுகொண்டு, "நீங்க பாட்டுக்கு வரைஞ்சுண்டு இருங்கோம்மா, மனசுக்கு ஆறுதலா இருக்கும். எங்காத்துல யாரும் ஒண்ணும் சொல்லமாட்டா" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷம் கழித்து ஓவியம் என்றால் என்னவென்று இந்தத் தெருவுக்குப் புரிந்துவிட்டதே என்று பூரித்துப்போனேன். மடச்சி!

கல்லறைத் திருநாள் அன்று காலையில் பால் வாங்கக் கீழே போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் மாடி அறை முழுக்கச் சாம்பிராணிப் புகை. நம் வீட்டில் பெருக்கித் துடைக்கிற சுப்பம்மா, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு கண்ணை மூடி நிற்கிறாள். தரையில் உன் சாக்பீஸ் பாதங்களின் கட்டைவிரல் இருக்கும் இடத்தில் காலுக்கொரு மெழுகுவத்தி எரிகிறது. சுற்றிச் சாமந்திப்பூ. புகைக்குள்ளே, நான் இன்னும் முகம் வரையாத அந்தப் படம்.

என்னடி இது என்றேன். "இன்னிக்கு சாரு ஆளுங்கல்லாம் கல்லறைக்குப் போற நாளாமேக்கா. நீ எங்கயும் போவாம கம்முனு பாலு வாங்கப் போய்ட்ட. பாவம், உனுக்கு இன்னா செய்றதுன்னு தெரில. அதான் நானே வாங்கியாந்தேன். சாரு தங்கமான மனுசன்" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் கத்தினேன் பார், பக்கத்து வீட்டு ஜன்னலெல்லாம் திறந்தது. உயிரோடு இருக்கிற மனுஷன் காலுக்கு மெழுகுவத்தி ஏற்றுகிறாயே, உனக்குப் புத்தி இருக்கா என்று கேட்டேன். சுப்பம்மா பயப்படவில்லை. நிதானமாக என்னைப் பார்த்து, "நான் இன்னா பண்ணுவேன்? ஆம்பள சட்டைய நாற்காலில மாட்டி வெக்கிற. காலு வரைஞ்சி வெச்சிக்கிற. அங்க மட்டும் தொடைக்காதன்ற. படத்துல மூஞ்சி இல்ல. எப்ப பாத்தாலும் அது எதிர்லயே ஒக்காந்து அழுதுக்கினு கீற. சாரு பேரையே வாய்ல எடுக்க மாட்ற. வேற இன்னான்னு நெனைப்பாங்க?" என்றாள். அழுகை இல்லையடி, டர்பன்டைன் கண்ணைக் கரிக்கிறது என்றேன். அவள் நம்பவில்லை. உண்மையைச் சொன்னால் நானும் நம்பவில்லை.

அப்புறம் அவள் கேட்டாள், "அப்ப சாரு எங்க கீறாரு?" விசாகப்பட்டினம் என்றேன். "எப்ப வராரு?"

இதற்குத்தான் எனக்கு வாய் வரவில்லை, லாரன்ஸ். நீ சாகவில்லை என்று சத்தம் போட முடிந்தவளுக்கு, நீ வருவாய் என்று சொல்ல முடியவில்லை. மெழுகு உருகிப் பாதத்தில் வழிகிறது, சுப்பம்மா பார்த்துக்கொண்டே நிற்கிறாள். கிறிஸ்துமஸுக்கு வருகிறார் என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவள் போன பிறகு, முதலில் வயிறு வலிக்கச் சிரித்தேன். அது எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று தெரியவில்லை.

மத்தியானத்துக்குள் விஷயம் குளக்கரை வரைக்கும் போய்விட்டது. மறுநாளே விஜயராகவன் படியேறி வந்து, ஆத்துல எல்லோருக்கும் தலைவலி, ஜன்னலைச் சாத்துங்கோ என்று பழைய குரலில் சொல்லிவிட்டுப் போனார். இனாயத் பாய் சட்டத்தோடு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். "சாரு ஹயாத்தா, உசிரோட இருக்காரா? அல்ஹம்துலில்லாஹ்! நான் தொழுகைல அவருக்கு மறுமைக்கு துவா கேட்டுக்கினு இருக்கேனேம்மா!" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, பரவாயில்லை, அது வீணாகப் போகாது என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

நாகராஜ்தான் என்னை மடக்கிவிட்டான். வழக்கம்போல உட்காரக் கூப்பிட்டேன். வாசலைத் தாண்டி வரவில்லை. "சாரு நல்லா கீறாருன்னு கேட்டு ரொம்ப சந்தோசம் மேடம். ஆனா இனிமே நான் ஒக்கார மாட்டேன். செத்தவரு எடத்துல ஒக்காந்தா அது ஒரு ஒத்தாசை. ஊருக்குப் போனவரு எடத்துல ஒக்காந்தா நல்லாவா இருக்கும்? அவரையே வந்து ஒக்காரச் சொல்லுங்க" என்றான். இனாயத் பாயும் அதையேதான் சொல்கிறார். நான் கெஞ்சிப் பார்த்தேன், திட்டியும் பார்த்தேன். ஒருவரும் மசியவில்லை.

அதனால் இந்த வாரம் முழுக்க நாற்காலி காலி. நான் மட்டும் காலையில் போய்ப் படத்தைத் திருப்புகிறேன், கத்தியை எடுக்கிறேன், வைக்கிறேன். நேற்று உற்றுப் பார்த்தேன். அந்தத் தோள் உன் தோளே இல்லை. இஸ்திரிப் பெட்டி தூக்கித் தூக்கி ஒரு பக்கம் ஏறின தோள் அது. கை, பசை காய்ந்த இனாயத் பாயின் கை. நீ என்று நினைத்து நான் வேறு யாரையோ வளர்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். முகத்தை மட்டும் யாரிடமும் வாங்கவில்லை. அந்தமட்டுக்குப் பிழைத்தேன்.

சுப்பம்மா மேல் இப்போது கோபம் இல்லை. அவள் கண்ணில் பட்டதைத்தான் சொன்னாள். இறந்துபோனவனிடம் எப்போது வருகிறாய் என்று கேட்க வேண்டியதில்லை அல்லவா? எனக்கு அது வசதியாக இருந்திருக்கிறது போல. அது எனக்கு வேண்டாம், லாரன்ஸ். உன்னை எதிரே வைத்துக்கொண்டு சண்டை போட வேண்டும். நீ அருகில் இல்லாமல் இந்த வீடு எனக்குப் பிடிக்கவில்லை. கேட்டுவிடுகிறேன்: நீ வருகிறாயா, இல்லையா?

அங்கேதான் இருக்கப்போகிறாய் என்றால் அதையும் சொல். நான் கிளம்பி வர வேண்டும் என்றால் வடக்கு ஜன்னல் உள்ள வீடாகப் பார். நான் வரக்கூடாது என்று உன் மனசில் இருந்தால் அதையும் தாங்கிக்கொள்கிறேன். ஆனால் மெசேஜில் சொல்லாதே. வந்து, அந்த நாற்காலியில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்துச் சொல். அசையாதே என்று இந்தத் தடவை அதட்டமாட்டேன். நீ அசைந்துகொண்டே உட்கார், நான் எப்படியாவது பிடித்துக்கொள்கிறேன்.

தெரு உன்னை எதிர்பார்க்க ஆரம்பித்துவிட்டது. சுப்பம்மா தினமும் துடைப்பத்தோடு வந்து, "சாருக்கு சொல்ட்டியாக்கா?" என்கிறாள். நாகராஜ் உன் நீலச் சட்டையை வாங்கிக்கொண்டு போய்த் துவைத்து, கஞ்சி போட்டு, மொடமொடவென்று மடித்துக் கொடுத்திருக்கிறான். கொஞ்சநஞ்சம் இருந்த உன் வாசனையும் போய்விட்டது. அதற்காக அவனோடு ஒரு சண்டை. சிரிக்கிறான் அவன், சாரே வரப்போறாரே, வாசனை எதுக்கு என்கிறான். இவர்களிடம் நான் பொய் சொல்லியிருக்கிறேன். அதைப் பொய்யாக விட்டுவிடாதே.

கபாலியும் மாதாவும் சேர்ந்து உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். குளிர்காற்றில் கப்பல் மேல்தளத்தில் நிற்காதே. மாத்திரையை மறக்காதே.

இன்னொன்று. நான் மேலே மேலே கோடு போட்டதில், உன் பாதங்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிவிட்டன. இப்போது அது எந்த மனுஷனுக்கும் பொருந்தாத பாதம். அதன் மேல் மெழுகு வேறு உருகி உறைந்து கிடக்கிறது. உன் கால் அளவு எனக்கு மறந்துபோய்விட்டது. வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு தடவை அதில் கால் வை. மெழுகைச் சுரண்டி எடுத்துவிட்டு, உன் காலைச் சுற்றிச் சரியாக ஒரு கோடு போட்டுக்கொள்கிறேன்.

உன்,
சூடாமணி