எட்டாவது கேட்

செப். 10, புதன்

வெயில். மூன்று நாளாக மழை வருகிற மாதிரியே வானம் ஏமாற்றுகிறது. என்னைவிடப் பெரிய கில்லாடி.

காலை 5.30, குவாரி. தண்ணீர் பச்சையாக, அசையாமல். ஓடும் தண்ணீரில் விடவேண்டிய படகை ஓடாத தண்ணீரில் விட்டுப் பழகுகிற ஒரே ஊர் ஆம்பூராகத்தான் இருக்கும். பாலாற்றில் தண்ணீர் வந்தால் ஊரே பாலத்தில் நின்று செல்ஃபி எடுக்கும். அதை நம்பிப் படகு வாங்க முடியுமா?

கரைக்குக் கரை கம்பி, கம்பியில் ஜோடி ஜோடியாகத் தொங்கும் கழி. ஒரு ஜோடி, ஒரு கேட். பச்சை என்றால் தண்ணீர் போகும் பக்கமாக நுழையணும். சிவப்பு என்றால் எதிர்த்து ஏறணும். கழி மேலே உரசினால் இரண்டு விநாடி அபராதம், கேட்டையே விட்டால் ஐம்பது. எங்கள் குவாரியில் தண்ணீருக்குப் போகும் பக்கமே கிடையாது. டேங்கர் லாரி வந்து நிற்கும் பக்கம்தான் மேல் என்று கோச் முடிவு செய்திருக்கிறார்.

கிளப்பில் கேனோப் படகு ஒன்றுதான். அதில் முட்டி போட நானும் ஷபானாவும். தொடையை இறுக்கும் வார், ஷூ கம்பெனியில் கழித்துப் போட்ட தோலில் அம்மா தைத்தது. என் துளை இரண்டாவது, அவளுடையது நான்காவது. (நான் எலும்பு என்பதை இவ்வளவு நாசூக்காக யாரும் சொன்னதில்லை.)

சனிக்கிழமை மாநிலத் தேர்வு. தேசிய இளையோர் போட்டிக்குப் பெண்கள் கேனோவில் ஒரே ஓர் இடம். மற்ற ஊர்ப் பெண்கள் எங்கள் நேரத்துக்குப் பக்கத்தில்கூட இல்லையாம். ஆக, அவளா நானா.

பொழுது போகாமல், "படகுல ஓட்டை சார்!" என்று கத்தினேன். கோச் கையில் டேப்போடு விழுந்தடித்து ஓடிவந்தார். ஓட்டை எங்கே இருக்கிறது, இருந்தால்தானே.

"ஏய் ஜெனி, உன் வாய்ல வர்றதுல எது நெசம், எது பொய்னு நெத்தில எழுதி ஒட்டிக்கினு வா."

ஷபானா சிரித்ததில் துடுப்பு தண்ணீருக்குள் போய்விட்டது. நீந்தி எடுத்தது நான்.

தோள் வலி. கெமிஸ்ட்ரி ரெக்கார்டு எழுதவில்லை.

செப். 12, வெள்ளி

மேகம். காற்று கம்மி, தோல் ஷெட் வாடை ஜாஸ்தி.

எடுத்து வைத்தவை: ஹெல்மெட், வார், துண்டு 2, வலி மருந்து, முறுக்கு. எடுத்து வைக்காதது: தெம்பு. தகுதித் தேர்வு என்கிறார்கள், எனக்குத் தகுதித் தேய்வு. கை இரண்டும் வேறு யாருடையதோ போல இருக்கிறது.

அம்மா ஏழு மணிக்கு வந்து, செருப்பைக் கழற்றாமலே சுவரில் சாய்ந்துகொண்டாள். அம்மாவுக்குச் செக்கிங் வேலை. நாள் முழுக்க நின்றபடி, ஷூ மேல்தோலில் கீறல் தெரிந்தால் சாக்பீஸால் வட்டம் போடணும். போட்டால் தைத்தவள் முறைப்பாள், போடாவிட்டால் சூப்பர்வைசர் முறைப்பார்.

"இன்னிக்கு எத்தனை பேர் மொறைச்சாங்க?"

"நீ வேற. சோறு வை."

வைத்தேன். உப்புக்குப் பதில் சர்க்கரை கலக்கலாம் என்று ஒரு யோசனை. கலக்கவில்லை. அதற்கும் தெம்பில்லை.

செப். 13, சனி. வேனில், திரும்பும் வழி

எழுத்து குலுங்குகிறது. பரவாயில்லை.

அணைக்குக் கீழே மதகைத் திறந்துவிட்டு, கால்வாயில் தேர்வு. நிஜமான தண்ணீர், நுரையோடு. பார்த்ததும் ஷபானா, "யா அல்லா, இது ஓடுதுடி" என்றாள்.

நான்தான் முதலில். கழி எதுவும் படவில்லை. 131.4 விநாடி. கரையேறினேன். ஷபானாவும் நானுமாகப் படகை மேலே தூக்கிக்கொண்டு போனோம். வாரை நான்காவது துளைக்கு மாற்றிக்கொண்டாள். "கழி மேல வுழாம வா தோஸ்த்" என்றேன். நாக்கைத் துருத்தினாள்.

நடுவர்கள் போதவில்லை. ஓட்டி முடித்தவர்களைக் கரையில் ஒவ்வொரு கேட்டுக்கும் உட்காரவைத்தார்கள், எட்டாவது எனக்கு.

"நாங்க ரெண்டு பேரும் ஒரே கிளப், ஒரே போட்டி சார். அடுத்து வர்றது அவதான்" என்று சீட்டு கொடுத்த நடுவரிடம் சொன்னேன்.

"பரவால்லம்மா, ஒக்காரு. கண்ணு இருக்கில்ல?"

இருந்தது. அதுதான் வினை.

எட்டாவது கேட் சிவப்பு. ஷபானா சுழலில் திரும்பி ஏறினாள். அழகாகத்தான் ஏறினாள். வெளியே வரும்போது வலப்பக்கக் கழி ஆடியது. காற்றில் இல்லை, அவள் பட்டு. ஹெல்மெட் என்று தோன்றியது. சீட்டில் '2, ஹெல்மெட்' என்று எழுதினேன். எழுதின பிறகுதான் கணக்கு உறைத்தது. அவள் நேரம் 130.1 என்று மைக்கில் அறிவித்தார்கள். இரண்டைக் கூட்டினால் நான் முன்னால்.

தலைமை நடுவர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீயும் இதே போட்டில இருக்கியா?"

"ஆமா சார். முன்னாடியே சொன்னேன்."

கோச் ஓடிவந்தார். "சார், இவ எப்பவும் இப்டித்தான். வெளாட்டுப் புள்ள." என் பக்கம் திரும்பி, "இதுல போயாடி வெளாடுவே?"

"வெளாடல சார். பட்டுச்சு."

சுற்றி நின்ற எங்கள் கிளப் பையன்கள் சிரித்தார்கள். புதன்கிழமை ஓட்டைக்குச் சிரித்த அதே சிரிப்பு.

ஷபானாவிடம் கேட்டார்கள். துண்டால் முகத்தைத் துடைத்தாள், ரொம்ப நேரம் துடைத்தாள். "தெர்ல சார்."

என் '2' மேல் கோடு. அவள் பெயர் பட்டியலில்.

இப்போது முன் சீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். திரும்பவே இல்லை. முறுக்கு அப்படியே இருக்கிறது.

செப். 14, ஞாயிறு

மழை, ஒருவழியாக. கோயிலில் பிரசங்கத்தின்போது தூங்கிவிட்டேன்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கீரை ஆய்வதை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தாள். எங்காவது சிரிப்பு ஒளிந்திருக்கிறதா என்று தேடுகிறாள். கீறல் தேடுகிற அதே கண்.

"நெசமாவா?"

"நீயுமாம்மா?"

"நான் இன்னாடி பண்றது? போன மாசம் பள்ளிக்கூடத்துல தீப்பிடிச்சிருச்சின்னு போன் பண்ணவ நீ."

தீப்பிடிக்கவில்லை என்பதும் உண்மை, நான் போன் செய்தேன் என்பதும் உண்மை.

படுத்தேன். தூக்கம் வரவில்லை. அசதி மட்டும் வந்தது.

செப். 15, திங்கள்

ஈரம். குவாரித் தண்ணீர் ஒரு சாண் ஏறியிருக்கிறது.

போகக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் படகை ஷெட்டிலிருந்து இறக்க இரண்டு பேர் வேண்டும், இது அவளுக்கும் தெரியும். வந்து நின்றுகொண்டிருந்தாள். நான் முன்னால், அவள் பின்னால். சரளைக் கல்லில் செருப்புச் சத்தம் மட்டும்.

பாதி வழியில், பின்னாலிருந்து:

"ஹெல்மெட் இல்லடி."

"இன்னா?"

"ஹெல்மெட்டுன்னு எழுதினியே. தோளு."

நின்றேன். படகு என் முதுகில் இடித்தது.

"அன்னிக்கே தெரியுமா?"

"கழி ஜில்லுன்னு பட்டுச்சு. எப்டி தெரியாம இருக்கும்?" படகைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டாள். "ரெண்டு நாளா சோறே எறங்கல. பேஜாரா இருக்குடி."

கெட்டவார்த்தை ஒன்று தயாராக இருந்தது. சொல்லவில்லை. படகைக் கீழே வைத்தோம். கோச்சுக்குப் போன் போட்டாள், ஸ்பீக்கரில். எல்லாவற்றையும் சொன்னாள். சார் முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னது:

"அவ பக்கத்துல இருக்காளா?"

"இருக்கா சார்."

"சிரிக்கிறாளா?"

"இல்ல சார்."

"ஜெனி, இது உன் வேலையா?"

"இல்ல சார்" என்றேன். நிஜம் சொல்லும்போதும் என் குரல் பொய் சொல்லும்போது இருப்பது போலவேதான் இருக்கிறது. நானே நம்பியிருக்க மாட்டேன்.

ஷபானா போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். "நானேதான் சார் சொல்றேன். நானேதான்." மூன்றாவது முறை சொல்லும்போது அழுதுவிட்டாள்.

பிறகு சார், "எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு. நான் எடுத்துட்டுப் போறேன். ஆனா எடம் அவளுக்குப் போய்டும், தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

வைத்துவிட்டாள். மூக்கை உறிஞ்சினாள். குனிந்து, வாரை நான்காவது துளையிலிருந்து கழற்றி இரண்டாவதில் மாட்டினாள்.

"பேப்பர் இருக்கா?"

இந்த நோட்டின் நடுவில் ஒரு தாள் கிழிந்திருப்பது அதனால்தான். என் பேனாவையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இது பென்சில்.