தூரி மரத்தில் விட்டுவந்த முடிச்சு

ஏரிக்கரைப் புளியமரத்தின் மேலிருந்து என்னைப் பயந்தாங்கொள்ளி என்று கூப்பிட்ட என் பாவாயிக்கு,

நீ எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இவ்வளவு நீளமாக யாருக்கும் எழுதியதில்லை. தப்பு இருந்தால் சிரிக்காதே, நீ மூன்றாம் வகுப்போடு நின்றவள்தானே?

எடப்பாடிச் சந்தைக்குப் போகும் பஸ்ஸுக்கு இப்போது பெட்ரோல் கிடையாது. யுத்தமாம். பின்னால் ஓர் அடுப்பைக் கட்டி, கரியைப் போட்டு ஓட்டுகிறார்கள். மேடு வந்தால் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். நீ இருந்திருந்தால் தள்ளுவதற்காகவே தினமும் மேட்டில் போய் நின்றிருப்பாய்.

அந்தக் கரிக்காக மரம் தேடி ஆட்கள் ஊர் ஊராக அலைகிறார்கள். சித்திரையில் நம் ஏரிக்கும் ஒருவர் வந்தார். கரையிலுள்ள புளியமரங்களைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, நம் தூரி மரத்தடியில் நின்றார். ஆடி நோம்பிக்கு நாம் ஊஞ்சல் கட்டும் கிளை இலையில்லாமல் பட்டுப்போயிருந்தது. மரத்துக்கு உள்ளே நோவு, மற்றவற்றுக்கும் தொற்றிவிடும், பதினோரு மரத்தையும் வெட்டிவிடுவதே நல்லது என்று மணியக்காரரிடம் சொன்னாராம்.

அந்தக் கிளை ஏன் பட்டது என்று இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி நீ.

நினைவிருக்கிறதா, போன ஆடிக்கு முந்தின ஆடி, நாம் கடைசியாகத் தூரி கட்டியது? உன் அப்பாவைக் கேட்காமல் கிணற்று வடக்கயிற்றைத் தூக்கிவந்தாய். ஏரி ததும்பி நின்றது. நீ உந்தி ஆடியபோது உன் கால் பக்கத்து மரத்து இலையைத் தொட்டது. உன் பாவாடைக் காற்று என் முகத்தில் அடித்தது. இப்போதும் கண்ணை மூடினால் அந்தக் காற்றுதான் வருகிறது.

நோம்பி முடிந்த மூன்றாம் நாள் தூரிக் கயிற்றை அவிழ்த்துவிட வேண்டும் என்பது ஊர் வழக்கம். மழையில் முடிச்சு இறுகிப்போயிருந்தது. நீ மேலே மல்லாடினாய், நான் கீழே காவல் நின்றேன். கடைசியில் கயிற்றை அரிவாளால் அறுத்துப் போட்டுவிட்டு, கிளையைச் சுற்றிய முடிச்சை அப்படியே விட்டு இறங்கினாய். "மரம் என்ன, வந்து கேக்கவா போவுது?" என்றாய். வடக்கயிறு குறைந்ததற்கு எலி மேல் பழி போட்டோம்.

வைகாசியில் ஏரி மராமத்து நடந்தது. வீட்டுக்கு ஓர் ஆள், கூலியில்லாமல் வண்டலை வெட்டிக் கரையில் கொட்ட வேண்டும். அப்பாவுக்கு இடுப்பு விழுந்ததிலிருந்து எங்கள் வீட்டுக் கூடையை நான்தான் சுமக்கிறேன். மண் சுமந்த வீட்டுக்கு ஏரியைப் பற்றிப் பேசும் உரிமை உண்டு. அந்த உரிமையை நான் ஒரு நாளும் எடுத்துக்கொண்டதில்லை. எனக்கும் சேர்த்து நீதானே பேசுவாய்?

கடைசி நாள் கரையில் கூடி உட்கார்ந்து மரப் பேச்சை எடுத்தார்கள். நோவு மரத்தை வைத்து என்ன செய்வது என்று பலரும் தலையாட்டினார்கள். நான் எழுந்து நின்றேன். கூடையை ஏனோ கீழே வைக்கவில்லை.

"இந்தப் புள்ளைக்கு வாயி இருக்குதா? ஊமைன்னுல்ல நெனச்சேன்" என்று யாரோ சொல்ல, சிரிப்பு கிளம்பியது.

மணியக்காரர் கையமர்த்தினார். "அவ ஊட்டுக் கூடைய அவதான் தூக்கறா. சொல்லு சாமி."

"அது நோவு இல்லீங்க. தூரி முடிச்ச அவுக்காம உட்டுட்டனுங்க. கயிறு இறுக்கித்தான் பட்டுப்போச்சு. ஏறிப் பாருங்க."

ஏறிப் பார்த்தார்கள். பட்டைக்குள் கயிறு புதைந்திருந்தது. அதற்கு அப்பால் காய்ந்த கிளை, இப்பால் பச்சைத் துளிர். ஊரே என்னை ஏசியது. ஆனால் அந்தக் கிளையை மட்டும் கழித்தால் போதும் என்று கரிக்காரருக்குச் சொல்லி அனுப்பினார்கள். இனி மரங்களை யார் பார்த்துக்கொள்வது என்று கேள்வி வந்தபோது, "நான் பாத்துக்கறனுங்க" என்று சொன்னதும் நான்தான். நம்புவாயா?

இப்போது தினமும் காலையில் போகிறேன். பக்கத்துத் தெருப் பெண்கள் இரண்டு பேரும் வருகிறார்கள். பட்ட கிளைக்கு ஈடாக ஐந்து கன்று நட்டு, முள் வேலி கட்டி, குடத்தில் தண்ணீர் விடுகிறோம்.

உன் பெயரை நான் சொல்லவில்லை. இல்லாதவளை ஊர் ஏசினால் உன் அம்மா தாங்குவார்களா என்று நினைத்தேன். அன்று கரையிலிருந்து திரும்பி வரும்போது உன் அம்மா என் தலையிலிருந்து கூடையை வாங்கிக்கொண்டார்கள்.

"நீயா சாமி அத்தன ஒசரம் ஏறுன? கெணத்து மேட்டுல ஏறவே அழுவியே."

நான் தலைகுனிந்தேன். கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நடந்தார்கள்.

"என்ற புள்ள பேரயுஞ் சொல்லியிருக்கலாமில்ல. அவ பேரு காதுல உழுந்து எத்தன நாளாச்சு."

அதனால்தான் எல்லோருக்கும் படித்துக் காட்டவே இதை எழுதுகிறேன். முடிச்சைப் போட்டவள் பாவாயி. அறுத்தவள் பாவாயி. அவ்வளவு உயரம் ஆடியவளும் பாவாயி ஒருத்திதான்.

வருகிற ஆடிக்கு வேறு கிளையில் நானே ஏறித் தூரி கட்டுவேன். மூன்றாம் நாள் எவ்வளவு இறுகியிருந்தாலும் நானே அவிழ்ப்பேன். முதல் ஆட்டத்துக்கு உன் அம்மாவை உட்காரச் சொல்லப் போகிறேன்.

கீழே காவல் நின்ற உன் சிநேகிதி,
நல்லம்மாள்