பாப்பா வயிற்றில் ஒரு நீர்க்கட்டி

மார்ச் 4

அக்காவுக்கு,

என் கல்யாணத்துக்கே வராதவளுக்கு எழுதுவதில்லை என்று வீம்பாக இருந்தேன். இப்போது வேறு வழியில்லை. எட்டாம் மாத ஸ்கேனில் பாப்பாவின் வயிற்றுக்குள் எலுமிச்சம்பழ அளவில் ஒரு கட்டி தெரிகிறதாம். இந்த நாட்டில் சொல்லத் தடையில்லை என்பதால் பெண் பிள்ளை என்று முன்னமே சொல்லிவிட்டார்கள். கட்டி எதில் என்றுதான் இங்குள்ள டாக்டரால் சொல்ல முடியவில்லை. இவர் "ஒண்ணும் இருக்காது" என்கிறார், ராத்திரியெல்லாம் அந்தப் படங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பச்சைப் பிள்ளைகளுக்கு ஸ்கேன் பார்ப்பதுதானே உன் வேலை? படங்களை அனுப்பியிருக்கிறேன். ஒளிக்காமல் சொல்.

இன்னும் கோபமாக இருக்கும்
தங்கை

மார்ச் 11

என் வாயாடிக்கு,

படங்களைப் பார்த்ததும் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன். டாக்டராகப் பார்க்கவே சற்று நேரம் பிடித்தது.

சிறுநீரகம் இரண்டும் நன்றாக இருக்கின்றன. சிறுநீர்ப்பை தனியாகத் தெரிகிறது. குடலில் வீக்கமில்லை. கட்டியின் உள்ளே தெளிந்த நீர். ஓரத்தில் பொட்டு வைத்தாற்போல இன்னொரு குட்டிக் குமிழ். அதுதான் காட்டிக்கொடுத்தது. இது பாப்பாவின் சினைப்பையில் வந்த நீர்க்கட்டி. உன் உடம்பில் ஊறும் ஹார்மோனால் வருவது. பெரும்பாலும் பிறந்தபின் தானே வற்றிவிடும். அதற்குள் சினைப்பை முறுக்கிக்கொண்டால் ஆபரேஷன் தேவைப்படலாம். அதனால் அடிக்கடி பார்க்கச் சொல்.

உன் கல்யாணத்தன்று, பிறந்து ஒரு நாளாகாத பிள்ளை ஒன்று குடல் அடைத்து இங்கே வந்தது. அது பிழைத்தது. அதைச் சொல்லக் கூப்பிட்டால் நீதான் போனையே எடுக்கவில்லை.

அக்கா

செப்டம்பர் 20

அன்பு அக்கா,

பிறந்த அன்று போனில் அழுததோடு சரி, இப்போதுதான் எல்லாவற்றையும் எழுத உட்கார்ந்தேன். பாப்பா குண்டுக் கன்னமும் பெருங்குரலுமாக வந்தாள். கட்டியும் கூடவே வந்தது. ஸ்கேனுக்கு ஸ்கேன் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. நேற்று டாக்டர் வயிறெல்லாம் தேடிவிட்டு, "காணோமே" என்றார்.

"நல்லாத் தேடுங்க டாக்டர்."

"தேடிட்டேம்மா. போயிடுச்சு."

இவர் அங்கேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். பாப்பா அந்த நேரம் பார்த்து டாக்டரின் சட்டையை நனைத்துவிட்டாள். கட்டி இப்படித்தான் போயிருக்கும் என்று அவர் சிரித்தார்.

கோபமெல்லாம் தீர்ந்தது. இவளைத் தூக்க வா.

உன் தங்கை

செப்டம்பர் 28

என் கண்ணுக்கு,

தலைமை டாக்டரிடம் பத்து நாள் லீவு கேட்டேன். நான் லீவு கேட்டு அவர் பார்த்ததே இல்லை. பதறிப்போய், "வீட்ல யாருக்கு உடம்பு சரியில்ல?" என்றார்.

"எல்லாரும் நல்லா இருக்காங்க. அதான் போறேன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்.

பெரியம்மா