‘வேண்டாம்’ என்று போட்டது யார்

செவ்வாய், 9
காலையிலேயே வெயில். கல்லல் பக்கத்துப் பால் சங்கத்தில் ஒரு ஊர்ப் பாலைக் கெடுத்தவர் எங்கள் ஆபீஸ் மெய்யப்பன் சார்.

நடந்தது: அங்கே கொழுப்பு பார்க்கும் மெஷின் பழசு. கம்ப்யூட்டருக்குள் செருகிய ஒரு கார்டு வழியாகத்தான் பேசும். அந்தக் கார்டை இயக்கும் டிரைவர் கோடு இதுவரை கர்னலுக்குள்ளேயே, அதாவது கம்ப்யூட்டரின் அடிப்படை மென்பொருளிலேயே, கிடந்தது. போன மாதம் அதைப் பிரித்து, தேவையென்றால் மட்டும் சேர்க்கும்படி மாற்றினேன். தப்பில்லாத வேலை. புது மெஷின்களுக்கு அது வெறும் சுமை. பதிப்பைத் தயாரித்துச் சங்கங்களுக்கு அனுப்புவது மெ. சார். டிரைவர் வேண்டுமா என்ற கேள்விக்கு “வேண்டாம்” என்று போட்டுவிட்டார். நேற்று முதலில் அந்தச் சங்கத்துக்கு அப்டேட். இன்று மெஷின் கொழுப்பு எண்ணைக் காட்டவில்லை. எண் இல்லாமல் பால் எடுக்க மாட்டார்கள்.

பைக்கில் போனேன். சங்கத்துச் செயலாளர்: “இங்குட்டு நிக்காதீக, வெயில்ல பாலு திரியுது, அங்குட்டு நெழலுக்குப் போங்க.”

கேனோடு வள்ளியக்கா: “ஏன் தம்பி, கம்ப்யூட்டரு சரியாகுறவரை மாட்டைக் கறக்காம வச்சிருக்கவா?”

பதினொரு மணிக்குத் திரிந்தது. வாய்க்காலில் கொட்டினாள். என் செருப்பிலும் பட்டது.

புதன், 10
மெ. சாரிடம் கத்தினேன். திரையை என் பக்கம் திருப்பினார். அந்தத் தேர்வுக்குக் கீழே உதவிக் குறிப்பு: நிச்சயமாகத் தெரியாவிட்டால், வேண்டாம் என்று கொடுக்கவும்.

“எனக்குத் தெரியலப்பா. குறிப்புல இருந்தபடி செஞ்சேன். எழுதுனது யாரு?”

நான்தான். மற்ற குறிப்புகளைப் பார்த்து ஒட்டிய வரி. யோசிக்கவே இல்லை. தாலுகா ஆபீஸ் ஜன்னலில் மனுவோடு நிற்கும் அம்மாவுக்கு நடப்பதும் இதுதான்: தெரியவில்லையா, இல்லை என்று அனுப்பு. அங்கே சண்டை போட்டேன். இங்கே அதையே டைப் அடித்தேன்.

வியாழன், 11
புழுக்கம். சாப்பிடவில்லை.
– கல்லலுக்குப் பழைய பதிப்பு: போட்டாச்சு. எண் வருகிறது. வள்ளியக்கா: “நாளைக்கும் வருமா?”
– அந்தத் தேர்வை யாரும் தொடாவிட்டால் “வேண்டும்”: மாற்றியாச்சு.
– அந்த வரி: அழித்தாச்சு.

ஆனால் மீதிச் சங்கங்களுக்கு நாளை விடிகாலை, ஏற்கெனவே தயாரித்து வைத்த அப்டேட் பழைய தப்போடு போகும், தானாக. எங்கெங்கே அந்தக் கார்டு? பட்டியலே இல்லை. நிறுத்தும் அனுமதி மெ. சாரிடம் மட்டும்.

“தேதி குடுத்தாச்சுப்பா. ஒரு சங்கத்துக்காக எல்லாத்தையும் நிறுத்தச் சொல்றியா?” சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

மாலை 6.10. செய்தி அனுப்பினேன்: எந்தச் சங்கத்தில் எந்தக் கார்டு என்று தெரியும்வரை அனுப்பாதீங்க. பார்த்துவிட்டார்.

6.40. அவருக்குப் போன் போட்டேன். மணி அடித்து ஓய்ந்தது.

7.15. மறுபடி செய்தி: சார், நிறுத்திட்டீகளா?