மைதானத்துக்கு ஒரு பச்சை மறைப்பு

2022 ஜூலை 18, திங்கள்

காலைப் பயிற்சிக்கு முத்தமிழ் வரவில்லை. கபடியில் பாடிப் போனால் வெறுங்கையோடு திரும்பாத நெட்டைப் பிள்ளை, ஒன்பதாவதுதான் படிக்கிறாள். மாலையில் அவள் அப்பா தமிழரசன் வந்தார். வெங்காயக் காட்டிலிருந்து நேரே வந்திருக்கிறார், காலில் கரிசல் மண் காயவில்லை.

எங்கள் மைதானத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவில் வெறும் கம்பிவேலி. எதிரே டீக்கடை. லாரியை நிறுத்திவிட்டு டீ குடிப்பவர்கள் எங்கள் பெண்களைப் பார்த்தபடியேதான் குடிக்கிறார்கள்.

"ஒரு மாதிரி பாக்குறானுவ டீச்சர். பெத்தவன் அதப் பாத்துக்கிட்டு எப்படிப் போவ முடியும்? ஆட்டம் போதும்."

அவர் சொன்னது பொய்யில்லையே. நானே எத்தனை முறை அந்தக் கடையைப் பார்த்து விசில் ஊதியிருக்கிறேன்.

2022 ஆகஸ்ட் 6

பச்சை வலை கட்டினோம். ஆடிக் காற்று ஒரு வாரம்கூட விட்டுவைக்கவில்லை. இப்போது கம்பியில் கிழிசல்தான் தொங்குகிறது. ஃபஹ்மிதாவும் நின்றுவிட்டாள். ஏழு பேர் இருந்த அணியில் ஐந்து பேர்.

2022 ஆகஸ்ட் 11

மதில் கட்டித் தரச் சொல்லித் தலைமையாசிரியை அமிர்தவல்லி அம்மா மேலிடத்துக்கு மூன்று முறை எழுதியாயிற்று. இன்று பஸ்ஸில் வரும்போது தோன்றியது. மதில் வராவிட்டால் என்ன? மரம் வைத்தால்?

தமிழரசனைப் போய்ப் பார்த்தேன். வெளியிலிருந்து உள்ளே ஒன்றும் தெரியாதபடி செய்தால் பெண்ணை அனுப்புவாரா என்று கேட்டேன். "மொதல்ல மறையட்டும், அப்பறம் பாப்போம்" என்றார். அது போதும் எனக்கு.

2022 செப்டம்பர் 25, ஞாயிறு

வீட்டுக்காரர் பாலசுந்தரம் சிரிக்கிறார், நீ விளையாட்டு டீச்சரா தோட்டக்காரியா என்று. ஒரு மாதமாக நான் மரத்தைத் தவிர வேறெதுவும் பேசவில்லையாம். உண்மைதான்.

எனக்கு வேண்டியது இரண்டு. சீக்கிரம் வளர வேண்டும்; இந்தப் பிள்ளைகள் பன்னிரண்டாவது முடித்துப் போன பிறகு வளர்ந்து யாருக்கு என்ன பயன்? அப்புறம், எந்த மாதத்திலும் இலை உதிர்க்கக் கூடாது.

நாற்றுப் பண்ணையில் புங்கன் நன்றாக வரும் என்றார்கள். ஆனால் மாசியில் மொட்டையாகிவிடுமாம். திரை ஒரு வாரம் விலகினாலும் என் அணி கலைந்துவிடும். சவுக்கு மளமளவென்று வளரும். எங்கள் கரிசலில் மழைத் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். நெட்டிலிங்கம் அழகு, ஆனால் நிதானம். கோனோகார்பஸ் வைத்தால் ஒரே வருஷத்தில் சுவர் மாதிரி நிற்கும் என்று ஆசை காட்டினார்கள். அதன் மகரந்தத்தால் இரைப்பு வரும் என்று பேச்சிருக்கிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பாடுகிற பிள்ளைகளின் பக்கத்தில் அதை வைப்பேனா?

கடைசியில் முடிவு செய்தது இதுதான்: சாலைப் பக்கம் நெருக்கமாக நொச்சி, அதை ஆடு தொடாது. அதற்கு உள்ளே ஆள் உயரப் பூவரசம் போத்து. போத்து என்றால் வெட்டிய கிளைதான், அப்படியே ஊன்றினால் துளிர்த்துவிடும். ஆள் உயரத்தில் நட்டால் வளர்த்தியில் பாதி அன்றைக்கே முடிந்த மாதிரி. இரண்டும் வருஷம் முழுக்கப் பச்சை.

2022 அக்டோபர் 15, சனி

நட்டாயிற்று! ஐப்பசி மழைக்கு முன்னால் முடிக்க வேண்டுமென்று நினைத்தேன், முடிந்தது. பிள்ளைகளே குழி வெட்டினார்கள். காலையில் போனபோது முத்தமிழ் எனக்கு முன்னால் வந்து கடப்பாரையோடு நிற்கிறாள். அப்பாவுக்குத் தெரியுமா என்றேன்.

"ஆடத்தான் கூடாதுன்னாரு டீச்சர். குழி வெட்டக்கூடாதுன்னு சொல்லல."

போத்தின் மேல்வெட்டு காயாமலிருக்கச் சாணி உருண்டை வைக்க வேண்டும். முகம் சுளிக்காமல் வைத்தாள். கை முழுக்கச் சாணி, வாய் முழுக்கச் சிரிப்பு.

2022 நவம்பர் 2

நல்ல மழை. பூவரசில் துளிர்.

2023 பிப்ரவரி 20

போத்துகளில் சில கறையான் அரித்துச் சாய்ந்துவிட்டன. வேப்பம்புண்ணாக்கு வைத்து மறுபடி ஊன்றினோம். ஐந்து பேரை வைத்து வகுப்பறைக்குப் பின்னால் பயிற்சி நடக்கிறது. சிமெண்டுத் தரை, விழுந்தால் முட்டி பெயர்ந்துவிடும். இந்த வருஷம் போட்டிக்கே போகவில்லை. மற்றப் பள்ளி டீச்சர்கள் கேட்டால் என்ன சொல்வது? மரம் வளரவில்லை என்றா?

2023 மே 9

விடுமுறை. வெயில் தாங்கவில்லை. தண்ணீர் ஊற்றலாம் என்று பெரம்பலூரிலிருந்து பஸ் பிடித்துப் போனால், மண் ஏற்கெனவே ஈரம். முத்தமிழும் ஃபஹ்மிதாவும் குடத்தோடு வந்துகொண்டிருக்கிறார்கள். வீட்டில் ஆட விடாத பிள்ளைகள் இருவரும். தினமும் வருகிறார்களாம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நானும் ஒரு குடத்தை எடுத்துக்கொண்டேன்.

2023 நவம்பர் 20, திங்கள்

நொச்சி என் தலையைத் தாண்டிவிட்டது. பூவரசு அதற்கும் மேலே கிளை கோத்து நிற்கிறது.

மாலையில் தமிழரசன் வந்தார். பள்ளிக்குள் வரவில்லை; வாசலிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். டீக்கடைப் பக்கம் நின்று பார்த்தார், சாலையோரமாக இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தார், ஓரிடத்தில் குனிந்தும் பார்த்தார். வேண்டுமென்றே பிள்ளைகளை உள்ளே ஓட விட்டேன். சத்தம்தான் கேட்டிருக்கும்.

அப்புறம் வாசலில் வந்து நின்று, "ஒண்ணும் தெரியல டீச்சர்" என்றார். "நாளைக்கு அனுப்பி வைக்கிறேன்."

நான் நட்டேன். இந்தக் கையால் நட்டேன்! இன்றைக்கு ஒரு நாள் பெருமைப்பட்டுக்கொள்கிறேனே.

2024 ஆகஸ்ட் 23, வெள்ளி

ஃபஹ்மிதாவும் திரும்பி, அணி பழையபடி ஏழு பேர். எங்கள் மைதானத்திலேயே வட்டாரப் போட்டி. இறுதி ஆட்டம். கடைசி இரண்டு நிமிஷம், நாங்கள் ஒரு புள்ளி பின்னால். முத்தமிழ் பாடிப் போனாள். மூன்று பேர் மேலே விழுந்து அமுக்குகிறார்கள், அத்தனை பேரையும் இழுத்துக்கொண்டு கோட்டைத் தொட்டுவிட்டாள். பள்ளிக்கூடமே அவள் பேரைக் கத்தியது. ஜெயித்துவிட்டோம்!

கூட்டம் கலைந்த பிறகுதான் தெரிந்தது, தமிழரசன் வேலிக்கு வெளியே நின்றிருக்கிறார். ஆட்டம் தொடங்கியதிலிருந்து. ஆட வேண்டாமென்று சொன்னவன் எந்த முகத்தோடு உள்ளே வருவது என்று கூச்சமாம்.

"பேரு மட்டும் கேட்டுது டீச்சர். என்ன செஞ்சான்னு ஒண்ணும் தெரியல."

என் பச்சைச் சுவர் அவரையும் சேர்த்தல்லவா மறைத்துவிட்டது. அடுத்த முறை வாசல் வழியாக உள்ளே வந்து உட்கார வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினேன்.

2024 ஆகஸ்ட் 26

முத்தமிழ் வந்து கேட்டாள். நொச்சியை இடுப்பளவுக்குக் கழித்து, பூவரசின் கீழ்க்கிளைகளையும் வெட்டிவிடலாமாம். அணியில் எல்லோரும் பேசிவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள்.

எனக்கு முதலில் கோபம். எவ்வளவு பாடுபட்டு வளர்த்தது! வெளியே நிற்கிறவர்கள் மறுபடி பார்ப்பார்களே என்றேன்.

"பாக்கட்டும் டீச்சர். இப்ப நாங்க ஆடுறத நல்லாதான் பாக்கட்டுமே."

ஒன்பதாவதில் ஆட்டத்தை விட்டு நின்ற பெண்ணா இவள்? கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. அப்பாவைக் கேட்டுவிட்டு வா என்றேன்.

2024 செப்டம்பர் 1, ஞாயிறு

அப்பாவே அரிவாளோடு வந்துவிட்டார். ஃபஹ்மிதாவின் அம்மா ஆயிஷா பீவி எல்லோருக்கும் டீ கொண்டுவந்தார். மதியத்துக்குள் முடிந்தது. மேலே பூவரசம் நிழல், கீழே இடுப்பளவு நொச்சி, நடுவில் மைதானம் முழுதாகத் தெரிகிறது. வெட்டிய கிளைகளைப் பார்க்க மனசு ஒரு நிமிஷம் என்னவோ செய்தது. துளிர்க்கும்.

2024 செப்டம்பர் 3

மாலைப் பயிற்சிக்குப் பதினோரு பேர். நேரமாகிவிட்டது, கடைசியாக நான் மட்டும் பஸ்ஸுக்கு நின்றேன். டீக்கடையில் வெளியூர் லாரிக்காரர் ஒருவர், அந்த நெட்டையான பொண்ணு என்னமா ஓடுச்சு பாத்தீங்களா என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார்.

பக்கத்தில் நின்றவர் தமிழரசன்.

கிளாஸைக் கீழே வைத்தார். "அது எம் பொண்ணுங்க" என்றார்.